வறுமை சதவீதம் என்று ஓர் எண் வந்தால் அதை எப்படிப் பிரித்துப் படிப்பது

இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர் என்று தேடினால் குறைந்தது நான்கு பதில்கள் கிடைக்கும். 2011-12ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9%. அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு சொன்னது 29.5%. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் 14.96%. உலக வங்கி 2025 ஜூனில் தந்த கணக்கின்படி, 2022-23இல் 5.3%. ஆளுங்கட்சிக்காரர் ஒன்றை எடுத்துக்கொள்வார், எதிர்க்கட்சிக்காரர் இன்னொன்றை எடுத்துக்கொள்வார், இரண்டு பேரும் சொல்வது பொய் இல்லை என்பதுதான் சிக்கல். எதை அளப்பது, ஏழை யார் என்று பிரிக்கும் வறுமைக் கோட்டை எங்கே போடுவது, மக்களிடம் எப்படிக் கேட்பது, யாரை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்து முடிவு எடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் சரி.

இந்தியாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் வறுமையை அளப்பதில் இவ்வளவு நீண்ட சண்டை நடந்த நாடு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இடையில் இலங்கையும் வரும்.

பணத்தை அளந்தார்களா, வேறு எதையாவதா?

செய்தியில் "வறுமை" என்று மட்டும் போட்டிருப்பார்கள். முதலில் இதைப் பிரியுங்கள். டெண்டுல்கர், ரங்கராஜன், உலக வங்கி மூன்றும் பணக் கணக்கு. ஒரு வீடு மாதம் எவ்வளவு செலவு செய்கிறது என்று பார்த்து, தலைக்கு வகுத்து, ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் ஏழை. நிதி ஆயோக் கணக்கில் பணமே கிடையாது. வீட்டில் ஊட்டச்சத்துக் குறைந்தவர் இருக்கிறாரா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, விறகில் சமைக்கிறார்களா, கழிப்பறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். இந்த இரண்டு வகை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வறுமை 21.9இலிருந்து 14.96ஆகக் குறைந்தது" என்று யாராவது எழுதினால் மேற்கொண்டு படிக்காமல் மூடிவிடலாம்.

பணக் கணக்கிலும் ஒரு கேள்வி உண்டு: வருமானமா, செலவா? லத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலும் வருமானத்தை வைத்து அளக்கின்றன. இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளில் பலவும் நுகர்வுச் செலவை வைத்து அளக்கின்றன. காரணம் எளிது. அறுவடைக்கு ஒரு முறை காசு பார்க்கும் விவசாயியிடமும், பத்து நாள் வேலை இருபது நாள் சும்மா என்று ஓட்டும் கட்டடத் தொழிலாளியிடமும் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அவர்களாலேயே சொல்ல முடியாது. ஆனால் அடுப்பு தினமும் எரிகிறது, எதைச் சமைத்தார்கள் என்று கேட்கலாம்.

செலவை அளப்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கந்துவட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கி ஆஸ்பத்திரியில் கட்டிய குடும்பம் அந்த ஆண்டுக் கணக்கில் செலவு கூடிய குடும்பமாகத்தான் தெரியும், அதாவது கோட்டுக்கு மேலே ஏறிவிடும். வட்டி கட்டிக் கட்டிச் சாப்பாட்டைக் குறைக்கும் அடுத்த வருடம்தான் அது ஏழையாகத் தெரியும், அதுவும் அந்த வருடம் கணக்கெடுப்பு நடந்தால்.

கோடு எங்கே போடப்பட்டது

இதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்தியாவில் முதன்முதலில் இப்படி ஒரு கணக்குப் போட்டவர் தாதாபாய் நௌரோஜி. வெளிநாட்டுக்குக் கப்பலேறிய கூலித் தொழிலாளர்களுக்குப் பயணத்தில் கொடுத்த உணவின் அளவை எடுத்துக்கொண்டு, 1867-68 விலைப்படி ஓர் ஆள் உயிர்பிழைக்க ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்றார், மாகாணத்துக்கு மாகாணம் மாறும். சுதந்திரத்துக்குப் பின் 1962இல் ஒரு பணிக்குழு மாதம் தலைக்கு 20 ரூபாய் என்று வைத்தது. அதில் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் காசு சேர்க்கவில்லை, அதையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள்.

1979இல் ஒய்.கே. அலக் குழு கலோரியைக் கையில் எடுத்தது. கிராமத்து ஆளுக்கு 2400 கலோரி, நகரத்து ஆளுக்கு 2100. இந்த அளவு கலோரி சாப்பிடுகிறவர்கள் மொத்தமாக எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று பார்த்தால் 1973-74 விலையில் கிராமத்தில் மாதம் 49.09 ரூபாய், நகரத்தில் 56.64 ரூபாய். அதுவே கோடு. அப்புறம் முப்பது வருடம் இதையே விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 1993இல் லக்டாவாலா குழு மாநிலத்துக்கு ஒரு கோடு என்று மாற்றியது, அது நல்ல மாற்றம், ஏனென்றால் பீகாரில் அரிசி விலையும் கேரளத்தில் அரிசி விலையும் ஒன்றல்ல.

ஆனால் விலையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்றால், 1973இல் மக்கள் வாழ்ந்த வாழ்க்கை கோட்டுக்குள் உறைந்து நின்றுவிடும். அன்றைக்கு இலவசமாக வந்த விறகுக்கு இன்று காசு, நடந்து போன இடத்துக்கு இன்று பஸ் டிக்கெட், பள்ளிக்கூடத்துக்குச் செலவு. 2009இல் சுரேஷ் டெண்டுல்கர் குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. கலோரியை அளவுகோலாக வைப்பதைக் கைவிட்டு, படிப்பு, மருத்துவச் செலவையும் கோட்டுக்குள் கொண்டுவந்து, நகரத்துக்கு வைத்த பொருட்களின் பட்டியலையே (பொருள்கூடை) கிராமத்துக்கும் வைத்தது. பலன்? 2004-05ஆம் ஆண்டின் கிராமப்புற வறுமை 28.3% என்று இருந்தது 41.8% ஆனது. அந்த ஆண்டு முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது, அதே வீடுகள், அதே தரவு. கோடு நகர்ந்ததில் கோடிக்கணக்கான பேர் புதிதாக ஏழைகள் ஆனார்கள்.

இப்படி உயர்த்திய கோடும் எவ்வளவு என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. 2011 செப்டம்பரில், நிதி ஆயோக்குக்கு முன் இருந்த திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. முழுச் சாப்பாடு ஒன்றுக்கே அது போதாத காலம். எதிர்ப்பு கிளம்பியதும் சி. ரங்கராஜன் தலைமையில் இன்னொரு குழு போட்டார்கள், அது 2014இல் கிராமத்துக்கு மாதம் 972, நகரத்துக்கு 1407 என்றது. டெண்டுல்கர் முறைப்படி அதே 2011-12க்கு 816ம் 1000மும். இந்த வித்தியாசத்தில்தான் 27 கோடி ஏழைகள் 36 கோடி ஆனார்கள். ரங்கராஜன் குழுவின் கோட்டை அரசு ஏற்றதாக இதுவரை அறிவிக்கவில்லை. அதற்குப் பின் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமான புதுக் கோடு எதுவும் வரவும் இல்லை, இது எனக்குக் கொஞ்சம் வசதியான மறதியாகவே படுகிறது.

இலங்கையில் இதே கதை இன்னும் சுருக்கமாக நடந்தது. 2016இல் அங்கே வறுமை 4.1%. 2019இல் 14.3%. மூன்று வருடத்தில் மூன்று மடங்கா? இல்லை, பழைய கோடு 2002ஆம் ஆண்டின் நுகர்வை வைத்துப் போட்டது, 2019க்குப் பயன்படுத்திய கோடு 2012/13ஆம் ஆண்டின் நுகர்வை வைத்துப் போட்டது. மலையகத் தோட்டப் பகுதிகளில் 8.8% என்று இருந்தது 33.8% ஆனதற்கும் இந்த மாற்றமே பெரிய காரணம். ஆகவே இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும் எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும், இரண்டுக்கும் ஒரே கோடுதானா என்று முதலில் தேடுங்கள்.

உலக வங்கியின் டாலர் கணக்கு

"நாளுக்கு மூன்று டாலர்" என்றதும் மூன்றை இன்றைய டாலர் விலையால் பெருக்கி, 250 ரூபாய்க்கு மேல் வருகிறதே, அப்படியானால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஏழைதானே என்று பலர் கேட்கிறார்கள். அப்படிப் பெருக்கக் கூடாது. அது வாங்கும் திறன் சமநிலை டாலர். அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இங்கே வாங்க எத்தனை ரூபாய் ஆகும் என்று பார்ப்பார்கள். 2021இல் சந்தையில் டாலர் சுமார் 74 ரூபாய், ஆனால் இந்தக் கணக்கில் ஒரு டாலர் ஏறத்தாழ 20 ரூபாய்தான். ஆக மூன்று டாலர் என்பது 2021 விலையில் நாளுக்கு 60 ரூபாய் சொச்சம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏழாயிரத்துச் சொச்சம்.

இந்தக் கோடும் நகர்ந்துகொண்டே இருப்பதுதான். 1990இல் ஒரு டாலர் என்று தொடங்கியது. 2008இல் 1.25, 2015இல் 1.90, 2022இல் 2.15, 2025இல் 3.00. மிக ஏழை நாடுகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடுகளின் நடு மதிப்பு இது, அவ்வளவுதான். இந்தியா இன்று அந்த வகை நாடு அல்ல. கீழ் நடுத்தர வருமான நாடுகளுக்கு 4.20 டாலர் என்று தனிக் கோடு வைத்திருக்கிறார்கள், நம்மைப் போன்ற நாட்டுக்குப் பொருந்துவது அது. 5.3% என்பது மூன்று டாலர் கோட்டில். அதே ஆண்டு, அதே தரவு, பழைய 2.15 டாலர் கோட்டில் 2.3%. யாராவது உலக வங்கியை மேற்கோள் காட்டினால் எந்தக் கோடு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவரும் தலைப்பை மட்டும் படித்தவர்தான்.

வீட்டில் வந்து எப்படிக் கேட்டார்கள்

இது சலிப்பான விஷயம் போலத் தோன்றும், ஆனால் சதவீதத்தை ஆட்டிப் படைப்பது இதுதான். "போன முப்பது நாளில் எவ்வளவு எண்ணெய் வாங்கினீர்கள்?" என்று கேட்டால் ஒரு பதில், "போன ஏழு நாளில்?" என்று கேட்டு மாதத்துக்குப் பெருக்கினால் வேறு பதில், பெரும்பாலும் கூடுதலான பதில். ஏழு நாள் என்றால் ஞாபகம் இருக்கும். செலவு கூடுதலாகப் பதிவானால் வறுமை குறைந்து தெரியும்.

1999-2000இல், இந்தச் செலவுக் கணக்கெடுப்பை நடத்தும் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் ஒரே வீட்டில் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டது. ஏழு நாளுக்குச் சொன்ன பதிலுக்குப் பொருந்துகிற மாதிரி முப்பது நாளுக்கான பதிலையும் மக்கள் சொல்லிவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தது. வறுமை 1993-94இல் இருந்த 36%லிருந்து 26.1%க்கு இறங்கியதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். 2017-18 கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடாமலே விட்டது. 2022-23இல் மறுபடியும் எடுத்தபோது முறையை மாற்றி, ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய், உணவு, அன்றாடப் பொருட்கள், நீடித்து உழைக்கும் பொருட்கள் என்று பிரித்துக் கேட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் 2011-12ஓடு இதை நேரடியாக வைத்து ஒப்பிடும்போது கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும்.

உங்கள் வீட்டை நீங்களே அளந்து பாருங்கள்

படித்துப் புரிவதைவிட ஒரு தடவை செய்துபார்த்தால் சட்டென்று பிடிபடும். மளிகை, பால், காய்கறி, கறிமீன், கேஸ், கரன்ட் பில், போன் ரீசார்ஜ், பஸ், பெட்ரோல், மருந்து, வாடகை என்று ஒரு மாதத்துச் செலவை எழுதுங்கள். தீபாவளித் துணி, பள்ளிக் கட்டணம், வாங்கிய ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு ஓர் ஆண்டுச் செலவை எடுத்து 12ஆல் வகுத்துக் கொள்ளுங்கள். கடன் தவணை, நிலம் வாங்கிய பணம் சேராது. சொந்தத் தோட்டத்துத் தேங்காயையும் வீட்டுப் பாலையும் விட்டுவிடாதீர்கள், காசு கொடுக்காவிட்டாலும் அது நுகர்வுதான். விளைந்த இடத்தில் விற்றால் கிடைக்கும் விலையைப் போடுங்கள். ரேஷன் இலவச அரிசிக்கு என்ன விலை போடுவது என்பது பெரிய தகராறு. 2022-23 அறிக்கை அதற்காகவே இரண்டு எண் தந்தது: இலவசப் பொருட்களுக்கு மதிப்புப் போடாமல் கிராமத்தில் தலைக்கு மாதம் சராசரி 3773 ரூபாய், போட்டால் 3860.

மொத்தத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். கைக்குழந்தையும் முழு ஆள்தான், இந்தியக் கணக்கில் அப்படித்தான். வந்த எண்ணைத் தமிழ்நாட்டின் 2022-23 சராசரியோடு, கிராமம் என்றால் 5310, நகரம் என்றால் 7630, வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: சாப்பாட்டுக்குப் போனது எத்தனை பங்கு? அந்த ஆண்டு இந்தியக் கிராமங்களில் 46%, நகரங்களில் 39%. இந்தப் பங்கு கூடக்கூடக் குடும்பம் நெருக்கடியில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

தலைக்கு வகுப்பதில் மறையும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாமியார், கணவன், பிள்ளைகள் சாப்பிட்ட பின் மிச்சத்தை மருமகள் சாப்பிடும் வீட்டிலும் ஐந்து பேருக்கும் சமமாகத்தான் வகுப்பார்கள். வீட்டுக்குள் யார் ஏழை என்று இந்தக் கணக்கெடுப்பு கேட்பதே இல்லை.

பல்பரிமாணக் கணக்கைப் போடுவது

நிதி ஆயோக் பயன்படுத்தும் இந்த முறை, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2010இல் கொண்டுவந்தது. உலகக் கணக்கில் 10 குறிகாட்டிகள், நிதி ஆயோக் தாய்மார் உடல்நலத்தையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து 12 ஆக்கியது. ஆரோக்கியம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றுக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு எடை. ஊட்டச்சத்துக்கு 1/6, பள்ளி வருகைக்கு 1/6, யாராவது ஒருவராவது ஆறு ஆண்டு படித்திருப்பதற்கு 1/6. வாழ்க்கைத் தரத்தில் ஏழு விஷயங்கள்: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு, மின்சாரம், சொத்து, வங்கிக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 1/21. இல்லாதவற்றின் எடையைக் கூட்டி மூன்றில் ஒன்றைத் தொட்டால் அந்த வீடு ஏழை.

போட்டுப் பாருங்கள். விறகடுப்பு, கழிப்பறை இல்லை, ஓலைக்குடிசை. 3/21, அதாவது 0.14. ஏழை இல்லை! கூடவே ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தையும் இருந்தால் 0.31, இன்னும் ஏழை இல்லை. வீட்டில் சைக்கிள், டிவி போன்ற சொத்துகளும் இல்லையென்றால் 0.36, இப்போது ஏழை. ஒரே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியதால் எல்லையைத் தாண்டி "ஏழை இல்லை" என்ற பக்கம் வந்துவிட்ட வீடுகளும் இருக்கத்தான் செய்யும், அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த முறையில் தமிழ்நாடு 2.2%, பீகார் 33.76%. எந்தெந்தக் குறை அதிகம் என்று பிரித்துப் பார்க்க முடிவதுதான் இதன் உண்மையான பயன், மாவட்ட ஆட்சியருக்கு அதுதான் வேண்டும்.

எத்தனை பேர் என்பதோடு, எவ்வளவு ஆழத்தில்?

கோடு 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் உள்ள ஊரில் மூன்று பேர் 950 ரூபாயில் வாழ்ந்தாலும் வறுமை 30%, மூன்று பேரும் 400 ரூபாயில் வாழ்ந்தாலும் 30%. அமர்த்தியா சென் 1976இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். கோட்டுக்கு ஒட்டினாற்போல இருப்பவர்களுக்கு நூறு ரூபாய் கொடுத்து மேலே தள்ளினால் சதவீதம் சரசரவென்று குறையும், பாதாளத்தில் கிடப்பவருக்கு அதே நூறைக் கொடுத்தால் எண்ணில் ஒரு மாற்றமும் தெரியாது. அதனால் வறுமை இடைவெளி என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள்: ஒவ்வோர் ஏழைக்கும் கோட்டைத் தொட எவ்வளவு குறைகிறது என்று கூட்டி, கோட்டாலும் மொத்த மக்கள்தொகையாலும் வகுப்பது. முதல் ஊரில் 1.5%, இரண்டாவது ஊரில் 18%. அறிக்கையில் இந்த எண் பெரும்பாலும் பின்பக்க அட்டவணையில் கிடக்கும். தேடி எடுங்கள்.

யார் இந்தக் கணக்கிலேயே இல்லை

இந்தக் கணக்கெடுப்புகள் எல்லாம் வீடு வீடாகப் போய் எடுப்பவை. செங்கல் சூளையில் ஆறு மாதம், ஊரில் ஆறு மாதம் என்று இருக்கும் குடும்பமும், நடைபாதையில் படுப்பவரும் எளிதில் தவறிவிடுவார்கள். சில சமயம் ஊர் ஊராகவே தவறும். இலங்கையின் 2002 கணக்கெடுப்பில் போர் காரணமாக வடக்கு கிழக்கு மாகாணங்கள் சேரவில்லை. 2006/07இல் வடக்கும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. எல்லா மாவட்டங்களையும் சேர்த்து எடுத்தது 2012/13இல்தான். அதுவரை வந்த "தேசிய" வறுமை விகிதங்களில் போர் மிக மோசமாகத் தாக்கிய ஊர்களின் பசி இல்லை. ஆகவே அடிக்குறிப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள்.

மதிப்பீடா, பெயர்ப் பட்டியலா

கடைசியாக, ரேஷன் கார்டோ உதவித்தொகையோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் இதை முக்கியமாகப் பாருங்கள். மேலே சொன்ன சதவீதம் எல்லாம் மாதிரிக் கணக்கு, அதில் உங்கள் தெருவில் யார் ஏழை என்று தெரியாது. பெயர்ப் பட்டியல் வேறு வழியில் தயாராகிறது. 2002இல் கிராமங்களில் 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் என்று போட்டார்கள். கூத்து என்னவென்றால், திட்டக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி மாநிலத்துக்கு இத்தனை குடும்பம்தான் என்று உச்சவரம்பும் போட்டுவிட்டார்கள். 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஃபிரிட்ஜ், மோட்டார் வாகனம், தரைவழி போன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் நேராக வெளியே. மகன் பழைய மொபெட்டில் கொத்தனார் வேலைக்குப் போனாலும் வெளியேதான்.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி எல்லாருக்கும் பொது என்பதால் இந்தச் சண்டை பெரிதாக வெடிக்கவில்லை. கிராம வறுமை ஒழிப்புக்கான புதுவாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஊர்க்காரர்களே உட்கார்ந்து யார் மிக ஏழை, யார் ஏழை என்று பிரித்தார்கள், அந்தப் பட்டியல் கிராம சபையில் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. கேரளமும் உள்ளாட்சிகள் வழியாக உணவு, உடல்நலம், வருமானம், வீடு நான்கையும் வைத்து 64,006 குடும்பங்களைப் பெயரோடு அடையாளம் கண்டு, 2025 நவம்பர் 1 அன்று அதீத வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தது. பொருளாதார அறிஞர்கள் சிலர் அளவுகோலை விளக்கச் சொல்லிக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அந்த அறிவிப்புக்கும் உலக வங்கியின் மூன்று டாலருக்கும் சம்பந்தமில்லை. பட்டியலில் இருந்த குடும்பங்களுக்கான வேலை முடிந்தது என்று மட்டும்தான் அதைப் படிக்க வேண்டும். பட்டியலே எழுதும்போது விடுபட்டவர்கள் இருந்தால் அந்தப் பூஜ்யத்தில் அவர்கள் வரமாட்டார்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு பட்டியல் போடுகிறார்கள் என்றால், இறுதியாவதற்கு முன் கிராம சபையில் வாசிக்கச் சொல்லி, விடுபட்ட பெயரை எழுத்தில் கொடுத்து, கையோடு ரசீதும் வாங்கிவிடுங்கள்.